மழை வருமா என்று என் மகளிடம் கேட்காதீர்கள்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கையும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உங்கள் தங்கை நலமாக இருக்கிறாள். என் நலத்தைப் பற்றி இந்தக் கடிதம் முடிவதற்குள் நீங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், வீட்டில் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியம் என்றும் நம்புகிறேன். போனில் சொல்வதை விட்டு இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். எங்கள் வீடு சின்னது. அதில் என்னைத் தவிர இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தவறாமல் புறப்பட்டு வந்து, உங்கள் தங்கை மகளுக்கு, அதாவது என் மகளுக்கு, நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். அவள் என் பேச்சைக் கேட்பதில்லை. அம்மா பேச்சில் பாதியைக் கேட்பாள். மாமா சொன்னால்தான் தலையை ஆட்டுவாள். இங்கே ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பிக்க ஓர் இடம் காலியாக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் காற்று ஆராய்ச்சியை விட்டுவிட்டு அவள் அங்கே போய்ச் சேரட்டும். பாடம் நடத்துகிறவளிடம் மழை வருமா என்று யாரும் வந்து கேட்க மாட்டார்கள், நானும் நிம்மதியாக லிஃப்டில் ஏறி இறங்குவேன்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், முதலில் நான் ‘வானிலை’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் திருத்தினாள். வானிலை வேறு, காலநிலை வேறு என்றாள். அதை எனக்குப் புரிய வைக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் பாடுபட்டாள். கடைசியில் நான்தான் எனக்கே புரிய வைத்துக்கொண்டேன். பஸ் டிப்போவில் முப்பத்து நாலு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் இல்லையா. இன்றைக்கு ஏழு நாற்பது வண்டி ஏன் தாமதம் என்பது வானிலை. அந்தத் தடத்தின் பத்து வருடப் பதிவேட்டை எடுத்து வைத்து, முன்பெல்லாம் எப்போதாவது தாமதமான வண்டி இப்போது ஏன் அடிக்கடி தாமதமாகிறது என்று பார்ப்பது காலநிலை. என் மகள் பதிவேடு பார்க்கிற ஆள். எங்கேயாவது பெருவெள்ளமோ கடும் வெயிலோ வந்து போன பிறகு, அது ஏன் வந்தது, ஏன் அங்கேயே உட்கார்ந்துகொண்டது, நாம் பூமியைச் சூடாக்கி வைத்ததில் அதற்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போடுவாள்.

அந்த உட்கார்ந்துகொள்கிற விஷயம் இருக்கிறதே, அதுதான் அவளுடைய தனிப்பட்ட துறை. நமக்கு மேலே, விமானம் பறக்கிற உயரத்தில், காற்று ஓர் ஆறு மாதிரி மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறதாம். அது ஒழுங்காக ஓடினால் கீழே வெயிலும் மழையும் வந்து வந்து போகும். சில சமயம் அந்த ஆறு பெரிதாக வளைந்து, வேகம் குறைந்து, தேங்கிவிடும். அப்போது கீழே இருக்கிற வானிலையும் நகராது. மழைக்குக் கீழே மாட்டிய ஊருக்கு மழை, வெயிலுக்குக் கீழே மாட்டிய ஊருக்கு வெயில். இதை அவள் சாப்பாட்டு மேசையில் தட்டையும் டம்ளரையும் நகர்த்தி நகர்த்திக் காட்டினாள். நான் யோசித்துவிட்டு, “அப்போ நாலு ரோடு சந்திப்புல பஸ் பிரேக்டவுன் ஆன மாதிரி. எந்தக் கடை வாசல்ல நின்னுச்சோ அந்தக் கடைக்காரன் நாள் பூராப் புகையைக் குடிக்கணும்,” என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்பா, எங்க ஆளுங்களுக்கே இவ்வளவு சுலபமா சொல்ல வராது,” என்றாள். மச்சான், என்னைக் கெடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான். அன்று முதல் எங்கள் குடியிருப்பின் ஆறு மாடிக்கும் நானே வானிலை நிலையம் ஆகிவிட்டேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருநாள் லிஃப்டில் என்னை மடக்கி, மொட்டை மாடிக்கு நீர் கசியாத வெள்ளைப் பூச்சு அடிக்கப் போவதாகவும், இந்த வாரம் மழை வருமா என்று மகளிடம் கேட்டுச் சொல்லும்படியும் கேட்டார். நான் மகளுக்குப் போன் போட்டேன். அவள் ஏதோ கூட்டத்தில் இருந்தாள். இதெல்லாம் தன் வேலை இல்லை என்றும், வானிலை அலுவலகத்தின் இணையப் பக்கத்தைப் பார்க்கும்படியும், அதில் மழைக்கு வாய்ப்பு நூற்றுக்கு இருபது என்று போட்டிருப்பதாகவும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நூற்றுக்கு இருபது என்றால் பரீட்சையில் ஃபெயில். ஃபெயில் என்றால் வராது. செயலாளரிடம் வராது என்று சொன்னேன். என் மகள் சொன்னதாகவும் சேர்த்துச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பூச்சு அடித்தார்கள். அது காய்வதற்குள் மழை கொட்டியது. வெள்ளைப் பூச்சு கரைந்து குழாய் வழியாக இறங்கி, கீழே நிறுத்தியிருந்த செயலாளரின் கறுப்புக் காரின்மேல் கோடு கோடாக வடிந்து உறைந்துவிட்டது. அவர் அதைச் சுரண்டி எடுக்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை அவர் காரைக் குழந்தைகள் வரிக்குதிரை என்றுதான் கூப்பிட்டார்கள்.

பட்டும் புத்தி வராதா என்று கேட்பீர்கள். வந்தது, அதுதான் அடுத்த தப்பு. இரண்டாம் மாடியில் ஒரு விளையாட்டு ஆசிரியர் இருக்கிறார். பள்ளியில் ஓட்டப் பந்தயம் வைத்திருந்தார். அவர் கேட்டபோது நூற்றுக்கு முப்பது என்று போட்டிருந்தது. இருபதுக்கே அப்படிக் கொட்டியது என்றால் முப்பதுக்குக் கேட்பானேன் என்று, மழை நிச்சயம் என்று சொல்லிவிட்டேன். அவர் பந்தயத்தை மைதானத்திலிருந்து பள்ளிக் கட்டடத்துக்குள் மாற்றினார். அன்றைக்கு வானத்தில் மருந்துக்கும் ஒரு மேகம் இல்லை. நூறு மீட்டர் பந்தயத்தை வராந்தாவில் ஓடவிட்டதில், முதலில் வந்தவள் நிற்க இடமில்லாமல் தலைமையாசிரியர் அறைக்குள் போய் நின்றாளாம். இதை அவர் என்னிடம் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மெதுவாக, கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

விஷயம் மகள் காதுக்குப் போயிற்று. அவள் சத்தம் போடுகிற பெண் இல்லை, உங்களுக்கே தெரியும். மறுநாள் காலை லிஃப்ட் கதவில் தட்டச்சு செய்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. “குடியிருப்போர் கவனத்துக்கு. மூன்றாம் மாடியில் வசிக்கும் என் தந்தை வழங்கும் வானிலை அறிவிப்புகளுக்கும் என் ஆராய்ச்சிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.” கீழே கையெழுத்து, அதற்குக் கீழே வாங்கிய பட்டங்கள் எல்லாம். பெற்ற தகப்பனை லிஃப்ட் கதவில் ஒட்டிய பெண்ணை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பதினொரு நாள் அவளோடு பேசவில்லை. பேசவில்லை என்பது அவளுக்கு ஏழாம் நாள்தான் தெரிந்தது. அதுவும் உங்கள் தங்கை சொல்லித்தான்.

இப்போது தையற்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, தனியாக இருக்கிறார். வயது எழுபதைத் தொடும். இந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் போட்டிருப்பது அவர் தைத்த துணி. சென்ற வருடம் ஏழு நாள் நகராமல் அடித்த வெயிலில், ஐந்தாம் நாள் காலை, தைக்கக் கொடுத்ததை வாங்க வந்த ஒரு பெண் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். அம்மா தையல் மிஷின்மேல் தலை சாய்ந்து கிடந்தார். தூக்கிக்கொண்டு ஓடினோம். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார். அந்த ஏழு நாளும் என் மகள் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த வெயிலைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் தன் அம்மாவிடம், “மூவாயிரம் கிலோமீட்டர் காத்தைப் பார்த்துட்டு இருந்தேன்மா. மூணு மாடி மேல போய்ப் பார்க்கலை,” என்று சொன்னாளாம். எனக்குச் சொல்லவில்லை. உங்கள் தங்கை சொல்லித்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் தீப்பெட்டி அளவில் வெப்பமானிகள் கொண்டுவந்து மாடிக்கு ஒன்றாக மாட்டினாள். பகல் வெயில் ஆளைக் களைப்பாக்கும், ஆனால் ஆறாத இரவுதான் ஆளைச் சாய்க்கும் என்பது அவள் கட்சி. பகலெல்லாம் கான்கிரீட் தளம் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு கீழே இருக்கிறவர் தலையில் இறக்குகிறதாம். உடம்பு ஓய்வெடுக்க நினைக்கிற நேரத்தில் அதற்கு ஓய்வே கிடைக்காது. நான் அந்தத் தீப்பெட்டிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. லிஃப்ட் கதவு இன்னும் என் நெஞ்சில் இருந்தது.

ஐந்து வாரம் முன்பு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றாள். “அப்பா, மேலே காத்து நின்னுடுச்சு. அஞ்சு நாள், ஆறு நாள் நகராதுன்னு நினைக்கிறேன். என்கூட செயலாளர் வீடு வரைக்கும் வர்றீங்களா?” என்றாள். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் சங்கத்துக் கூடம் ஒன்று இருக்கிறது. கூட்டம் போட மட்டும் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. மூன்று பக்கமும் நிழல், தரை கல். மேல் மாடி வீடுகளைவிட எட்டு டிகிரி குறைவு என்று அவளுடைய தீப்பெட்டி சொல்லியிருக்கிறது. அதைத் திறந்து, மேல் மாடிக்காரர்களை வெயில் போகும்வரை அங்கே படுக்க வைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். என்னை எதற்குக் கூப்பிட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னைக் கூட்டிக்கொண்டு போனதால் வந்த நஷ்டம் மட்டும் தெரியும். செயலாளர் கதவைத் திறந்து, முதலில் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்தார்.

அவள் எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கூடத்தில் ஆட்கள் தங்கினால் சங்க விதியை மாற்ற வேண்டும், நாலு பேர் ஆட்சேபிப்பார்கள், நாளைக்கே மழை பெய்து குளிர்ந்துவிட்டால் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, “உறுதியா சொல்லுங்க. அந்தத் தையற்கார அம்மாவுக்கு ஏதாவது ஆகுமா, ஆகாதா?” என்று கேட்டார்.

ஆகும் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சாவி கைக்கு வந்துவிடும். அவள் எங்கே சொல்லப் போகிறாள்? நூற்றுக்கு இத்தனை என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“உறுதியா சொல்ல முடியாது, சார்,” என்றாள். “ஆனா எங்க அம்மா ஆறாவது மாடியில இருந்தா, இன்னைக்கே கீழே கூட்டிட்டு வந்துடுவேன்.”

அவர் உள்ளே போனார். சாவியோடு வந்தார்.

தையற்கார அம்மாவைக் கீழே கொண்டுவந்ததைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும். தைக்கிற துணி பாதியில் நிற்கிறது, மிஷின் இல்லாமல் வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட் அன்று பார்த்துப் பழுது. நானும் விளையாட்டு ஆசிரியரும் அந்த இரும்பு மிஷினை ஆறு மாடி இறக்கினோம். மாடிக்கு மாடி இறக்கி வைத்து எடுக்கும்போதெல்லாம் ஆசிரியர் என்னைப் பார்த்து, நாளைக்கு வானம் எப்படி இருக்கும் என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. மொத்தம் ஒன்பது பேர் கூடத்துக்கு வந்தார்கள். முதல் இரண்டு நாள் எல்லோரும் என் மகளைத் திட்டினார்கள். மூன்றாம் நாள் வெளியே நடமாட்டமே இல்லை, தெருவில் தார் காலில் ஒட்டியது. நாலாம் நாள் மின்சாரமும் போயிற்று. ஐந்தாம் நாள் காலை விடிந்ததும் என் மகள் ஆறாம் மாடிக்குப் போய் அந்தக் காலி வீட்டிலிருந்த தீப்பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு முப்பத்தாறு டிகிரி என்று காட்டியது. தையற்கார அம்மா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது என் ரூமா?” என்று கேட்டார். ஆமாம் என்றாள் இவள். அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிஷினில் நூலைக் கோத்தார். ஏழாம் நாள் பிற்பகல் மேற்கே இருந்து காற்று வந்தது. கூடத்து ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஒன்பது பேரும் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். செயலாளர் மாலையும் கையுமாக வராத குறைதான். வந்து, தையற்கார அம்மாவைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். இவளோ, கீழே வராவிட்டால் அவர் விழுந்திருப்பாரா என்று தனக்குத் தெரியாது என்றாள். சரி போகட்டும், இந்த வெயில் பூமி சூடானதால் வந்ததா என்று அவர் கேட்டார். அதற்கும் இன்னும் கணக்குப் போடவில்லை, போட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அவர் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. ஒருதடவையாவது ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால் என்ன, காப்பாற்றினேன் என்று சொல்லிவிட்டுப் போனால் குடிமுழுகிவிடுமா என்று கேட்டேன். “காப்பாத்தினேனான்னு தெரியாதுப்பா,” என்றாள். “அவங்க நல்லா இருக்காங்கன்னு தெரியும். அது போதும்.”

போதுமாம். அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை, மச்சான். உங்களிடம் சொல்வதற்கென்ன, மானம் போனதெல்லாம் ஒரு சாக்கு. உண்மையில் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். இப்போதெல்லாம் வேறு எந்த ஊரிலாவது காற்று நின்றுவிட்டால்கூட இவள் முகம் மாறிவிடுகிறது. போகாத ஊர், பார்க்காத மனிதர்கள். அங்கே ஆறாம் மாடியில் யார் இருக்கிறார்களோ என்கிறாள். என் கையில் பதிவேடு இருந்த காலத்தில் கடைசி வண்டி வந்து சேர்ந்ததும் மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இவளுடைய பதிவேட்டுக்குக் கடைசி வண்டியே இல்லை. ஒரு பெண் எத்தனை ஊர் வெயிலைத்தான் தலையில் சுமப்பாள்? ஆகவேதான் கல்லூரி. பௌதிகப் புத்தகம் சாயங்காலம் நாலு மணிக்கு மூடிவிடும். நீங்கள் வந்து, தகப்பன் சொன்னான் என்று காட்டிக்கொள்ளாமல், நீங்களாகத் தோன்றிச் சொல்வது போல மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். வரும் வழியில் லிஃப்ட் கதவைப் படிக்க வேண்டாம். தாளைக் கிழித்தாயிற்று, பசை மட்டும் போகவில்லை.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எல்லோரும் குறையொன்றும் இல்லாமல், நல்ல தூக்கமும் நல்ல பசியுமாக நீடு வாழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பில் இருக்கும்
தங்கை கணவன்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தால் வீடு பூட்டியிருக்கும். உறைக்குள் இதை வைத்து ஒட்டப் போகிற நேரத்தில் நகராட்சியிலிருந்து ஆள் வந்தார். ஒவ்வொரு தெருவிலும் வெயில் காலத்தில் ஒரு கூடத்தைத் திறந்து வைக்கலாமா என்று பேச, ஞாயிறு என்றும் பார்க்காமல் கூட்டம் போட்டிருக்கிறார்கள். இவள் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். என்னையும் முதல் வரிசையில் வந்து உட்காரச் சொல்கிறாள். எதற்கு என்றேன். “நான் ரெண்டு தடவைக்கு மேல ‘நூத்துக்கு இத்தனை’ன்னு சொன்னா, நீங்க இருமணும்பா,” என்றாள். கல்லூரி விஷயத்தை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம், நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து இருமிப் பழகிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தங்கை விஷயம் தெரியாமல் இரண்டு முறை மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டாள். அதையும் குடித்துவிட்டேன்.